சோகைக்கும் சோர்வுக்கும் நடுவே ஒரு நுண்ணுயிர்

1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மூன்று பேர் மாட்டு ரத்தத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இர்வின் பேஜ் உயர் ரத்த அழுத்தத்தை ஆராய்ந்தவர். மாரிஸ் ராப்போர்ட்டும் ஆர்டா கிரீனும் வேதியியல் வல்லுநர்கள். ரத்தத்தை உறையவிட்டால் மேலே தெளிந்து நிற்கும் சீரத்தில், ரத்தக் குழாயைச் சுருங்கவைக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது அதற்கு முன்பே தெரிந்த செய்திதான். அது என்ன என்றுதான் யாருக்கும் பிடிபடவில்லை. கசாப்புக் கூடத்திலிருந்து லிட்டர் கணக்கில் கொண்டுவந்த சீரத்தை வடித்து வடித்து, கடைசியில் சில மில்லிகிராம் படிகத்தைப் பிரித்தெடுத்தார்கள். சீரத்தில் கிடைத்தது, குழாயை முறுக்குவது என்ற பொருள்பட அதற்குச் செரட்டோனின் என்று பெயர் வைத்தார்கள். இத்தாலியில் விட்டோரியோ எர்ஸ்பாமர் 1930களிலேயே குடலின் உட்சுவரில் ஒரு பொருளைக் கண்டு, அதை என்டெரமின் என்று அழைத்துவந்தார். இரண்டும் ஒன்றே என்பது 1952இல் தெரிந்தது. மறுவருடம் பெட்டி டுவாராக் என்ற பெண் ஆய்வாளர் அதே பொருள் மூளையிலும் இருப்பதைக் காட்டினார்.

செரட்டோனின் என்றாலே இன்று மனநிலை நினைவுக்கு வருகிறது. கண்டுபிடிக்கப்பட்ட வரிசையோ வேறு: குடல், ரத்தம், மூளை. உடலும் அதை அந்த வரிசையில்தான் செலவழிக்கிறது. மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் ப்ரோபயாட்டிக் எனப்படும் நன்மை செய்யும் நுண்ணுயிரிகளைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் பெருகியிருக்கின்றன. குடலிலிருந்து நேரே மூளைக்குப் பாதை போட்டுக் காட்டும் படங்கள்தான் அவற்றைப் பற்றிய பேச்சில் அதிகம். நடுவில் ரத்தம் என்ற ஒன்று ஓடுகிறது. அதைக் கவனித்துப் படித்தால் இந்த ஆய்வுகள் சொல்லும் கதை கொஞ்சம் மாறுகிறது. நம் ஊர்ப் பெண்களுக்கு அது இன்னும் நெருக்கமான கதையாகவும் ஆகிறது.

உடலில் உள்ள செரட்டோனினில் ஏறத்தாழ 90 சதவீதம் குடல்சுவரின் செல்களில்தான் உற்பத்தியாகிறது. அது ரத்தத்தில் கலந்ததும் தட்டணுக்கள் அள்ளிச் சேமித்துக்கொள்கின்றன. தட்டணுவுக்குச் செரட்டோனினைத் தானாகச் செய்துகொள்ளத் தெரியாது. வாங்கி வைத்துக்கொள்ள மட்டுமே தெரியும். எங்காவது காயம் பட்டால் சேமித்ததைக் கொட்டுகிறது, குழாய் சுருங்குகிறது, ரத்தம் உறைகிறது. செரட்டோனினை உள்ளே இழுக்கத் தட்டணு வைத்திருக்கும் வாயிலும் மூளை நரம்பு வைத்திருக்கும் வாயிலும் ஒரே புரதத்தால் ஆனவை. மனச்சோர்வுக்கு எழுதிக்கொடுக்கப்படும் ஃப்ளுவாக்ஸெட்டின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் போன்ற மாத்திரைகள் அந்த வாயிலைத்தான் அடைக்கின்றன. மூளையில் அடைத்தால் நரம்புகளுக்கிடையே செரட்டோனின் கூடுதல் நேரம் தங்கும். கூடவே தட்டணுவின் வாயிலும் அடைபடுகிறது. சில வாரங்களில் தட்டணுவின் கையிருப்பு வற்றிப்போகிறது.

இதனால் இரைப்பையிலும் குடலிலும் ரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பு சற்றே கூடுகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. தனி ஒருவரைப் பொறுத்தவரை ஆபத்து சிறியதுதான். அதற்காக யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. ஆனால் கூடவே மூட்டுவலிக்கென்று மருந்துக்கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகளும் சேரும்போது கணக்கு மாறுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவில் நாள்தோறும் சிறிது ரத்தம் குடலில் கசிந்துகொண்டிருந்தால், சில மாதங்களில் இரும்புச்சத்து கரைந்து சோகை வந்துவிடும். சோகை வந்தவர் எப்படி இருப்பார்? உடம்பெல்லாம் அசதி. காலையில் எழுந்திருக்கவே மனம் வராது. நெஞ்சு படபடக்கும், தலை கிறுகிறுக்கும், எதிலும் கவனம் நிற்காது, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வரும். மனச்சோர்வுக்கான கேள்வித்தாளை அவரிடம் நீட்டினால் பாதிக் கேள்விகளுக்கு ஆம் என்றே பதில் சொல்வார். மாத்திரை போதவில்லை என்று அளவைக் கூட்டுகிறவர்கள் உண்டு. தமிழில் சோகை, சோகம், சோர்வு என்ற மூன்று சொற்களும் ஓசையில் ஒட்டி நிற்பது தற்செயலாக இருக்கலாம். மருத்துவரின் மேசைக்கு எதிரே அந்த மூன்றையும் பிரித்தறிவது உண்மையிலேயே கடினம்.

இந்தச் செரட்டோனின் கணக்கில் நுண்ணுயிர்கள் எங்கே வருகின்றன? 2015இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஜெசிகா யானோ, எலைன் சியாவ் முதலானோர் குடலில் நுண்ணுயிரே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளை ஆராய்ந்தார்கள். அவற்றின் ரத்தத்தில் செரட்டோனின் சாதாரண எலிகளைவிடப் பாதிக்கும் குறைவாக இருந்தது. தட்டணுக்களும் மந்தமாக வேலை செய்தன. வித்து உருவாக்கும் சில குடல் பாக்டீரியாக்களைக் கொடுத்ததும் செரட்டோனின் ஏறியது, தட்டணுக்களும் சுறுசுறுப்பாயின. குடல் பாக்டீரியாவை மாற்றினால் ரத்தம் உறையும் விதமே மாறும் என்று காட்டிய ஆய்வு இது. ரத்த அணுக்களின் உற்பத்தியிலும் இதே கதைதான்: நீண்ட நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் குடலை வெறுமையாக்கிய எலிகளின் எலும்பு மஜ்ஜையில் அணுக்களைப் பிறப்பிக்கும் வேலை தளர்ந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். ரத்தத்தில் உள்ள செரட்டோனின் மூளைக்குள் போகாது. மூளையைச் சுற்றியுள்ள தடுப்பு அதை அனுமதிப்பதில்லை. குடலில் செரட்டோனின் கூடினால் மனம் மகிழும் என்று தயிர்ப் பானங்களுக்கு விளம்பரம் செய்கிறவர்கள் இந்த ஒரு வரியை விழுங்கிவிடுகிறார்கள். தடுப்பைத் தாண்டிப் போவது, செரட்டோனினுக்கு மூலப்பொருளான ட்ரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம். நாம் உண்ணும் பருப்பு, பால், முட்டையிலிருந்து வருவது அது. ட்ரிப்டோஃபானில் சிறு பங்குதான் செரட்டோனின் ஆகிறது. பெரும்பங்கு கைனுரெனின் என்ற வேறு பாதையில் போய்விடுகிறது. உடலில் அழற்சி இருந்தால் அந்தப் பாதையின் மதகு இன்னும் அகலமாகத் திறந்துகொள்கிறது. அங்கே உண்டாகும் பொருட்களில் சில நரம்புகளுக்கு நல்லவை, சில கெட்டவை. முன்பு மஞ்சள் காமாலை சி வகைக்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டபோது, மனநோய் எதுவும் இல்லாதிருந்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வந்தது. அழற்சியை மூட்டும் பொருளை ஊசியில் ஏற்றினால் மனம் இருண்டுபோகும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

ஆகவே சிஆர்பி என்ற அழற்சி அளவு மனநோய் மருத்துவத்துக்குள் நுழைந்தது. 2013இல் எமரி பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் ரெய்சன், ஆண்ட்ரூ மில்லர் குழு, மருந்துக்கு மசியாத மனச்சோர்வு உள்ள 60 பேரை எடுத்துக்கொண்டு, அழற்சியை அடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மருந்தைப் பரிசோதித்தது. மொத்தக் கணக்கில் மருந்துக்கும் வெறும் திரவத்துக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் சிஆர்பி லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களுக்குப் பலன் தெரிந்தது. குறைவாக இருந்தவர்களுக்கு வெறும் திரவமே மேலாக இருந்தது. ரத்தத்தைப் பார்க்காமல் எல்லாரையும் ஒரே கூட்டமாக வைத்துச் சராசரி எடுத்தால் உண்மை கரைந்துபோகும் என்பதை இந்த ஆய்வு அழுத்தமாகச் சொன்னது. ப்ரோபயாட்டிக் ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

குடலைச் சரிசெய்தால் மனம் சரியாகும் என்ற எண்ணம் புதிதல்ல. 1910இல் லண்டன் பெத்லெம் மருத்துவமனையின் ஜார்ஜ் போர்ட்டர் ஃபிலிப்ஸ், கடும் துயர நோய் கொண்ட 18 பேருக்கு உயிருள்ள லாக்டிக் பாக்டீரியா கலந்த மோர்நீர் தயாரிப்பைக் கொடுத்து, 11 பேர் குணமாயினர் என்று எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் மெச்னிகாஃப், புளித்த பாலில் உள்ள பாக்டீரியா பெருங்குடலின் நச்சைத் தணிக்கும் என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. அதே நச்சுக் கொள்கையைப் பிடித்துக்கொண்டு அமெரிக்காவின் ட்ரென்டன் மனநோய் மருத்துவமனையில் ஹென்றி காட்டன் என்பவர் நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார், பெருங்குடலை அறுத்தெடுத்தார், கணிசமானோர் இறந்தார்கள். மோர்நீரும் கத்தியும் ஒரே கொள்கையிலிருந்து புறப்பட்டவை. பின்னர் அரை நூற்றாண்டுக்கும் மேலாக மனநோய் மருத்துவம் குடலின் பக்கமே திரும்பாமல் இருந்ததற்கு இந்த அவலமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

திரும்பிப் பார்க்கவைத்தவை எலிகள். 2004இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் நொபுயுகி சுதோவின் குழு, நுண்ணுயிர் இல்லாத எலிகளின் உடல் மன அழுத்தத்துக்கு மிகையாகப் பதறுவதையும், ஒரு பிஃபிடோபாக்டீரியம் அதைத் தணிப்பதையும் காட்டியது. 2011இல் அயர்லாந்தின் கார்க் நகரில் ஒரு லாக்டோபாசில்லஸ் எலிகளின் பதற்றத்தைக் குறைத்தது. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பை வெட்டினால் அந்தப் பலன் மறைந்தது. அதே குழு அதே நுண்ணுயிரை ஆரோக்கியமான 29 ஆண்களுக்குக் கொடுத்தபோது எதுவும் நிகழவில்லை. அதை 2017இல் அவர்களே மறைக்காமல் வெளியிட்டார்கள். அறிவியலில் எனக்கு மரியாதை பிறப்பது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

மனச்சோர்வு உள்ள மனிதர்களிடம் நடந்தவற்றுக்கு வருவோம். ஈரானின் காஷான் நகரில் 40 நோயாளிகளுக்கு மூன்று வகை பாக்டீரியா கலந்த காப்சூலோ போலிக் காப்சூலோ 8 வாரம் கொடுத்தார்கள். மனச்சோர்வு மதிப்பெண் குறைந்தது. ரத்தத்தில் இன்சுலினும் சிஆர்பியும் குறைந்தன, குளுட்டாதயோன் ஏறியது. ரத்தமும் மனமும் சேர்ந்தே நகர்ந்த ஆய்வு அது. டெஹ்ரானில் 110 பேரைச் சேர்த்த இன்னொரு ஆய்வில் லாக்டோபாசில்லஸ் ஹெல்வெட்டிகஸ், பிஃபிடோபாக்டீரியம் லாங்கம் இரண்டும் சேர்ந்து மதிப்பெண்ணைக் குறைத்தன. கைனுரெனின்–ட்ரிப்டோஃபான் விகிதமும் இறங்கியது. நம்பிக்கை பிறக்கிறதல்லவா? அதே இரண்டு பாக்டீரியாக்களை நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில், மனநல மருந்து எதுவும் எடுக்காத 79 பேருக்குக் கொடுத்தபோது மனமும் நகரவில்லை, ரத்தமும் நகரவில்லை. ஆஸ்திரியாவின் கிராட்ஸில் மருத்துவமனையில் தங்கியிருந்த 82 நோயாளிகளில் ப்ரோபயாட்டிக் எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் ஒரே அளவு தேறினார்கள். சுவிட்சர்லாந்தின் பாசலில் நாளொன்றுக்கு 90,000 கோடி பாக்டீரியாக்களை 31 நாள் கொடுத்தபோது மதிப்பெண் கூடுதலாகக் குறைந்தது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 49 பேரிடம் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. மருந்து எடுத்தும் முழுதாகத் தேறாதவர்கள் அவர்கள். 14 வகை நுண்ணுயிர்கள் சேர்ந்த தயாரிப்பு அவர்களுடைய சோர்வையும் பதற்றத்தையும் குறைத்தது. ஆனால் ரத்தத்தின் அழற்சிக் குறியீடுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. மாத்திரைக்குத் துணையாகக் கொடுத்தபோது சில ஆய்வுகளில் கிடைத்த பலன், மாத்திரை இல்லாமல் தனியாகக் கொடுத்தபோது கிடைக்கவில்லை. ரத்தம் எப்போதும் மனத்தோடு சேர்ந்து நகரவில்லை. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு போலந்தின் பியாவிஸ்தோக் நகரில் நடந்தது. லெஷெக் ருட்ஸ்கியின் குழு, செரட்டோனின் வாயிலை அடைக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்தைத் தொடங்கிய நோயாளிகளில் பாதிப் பேருக்குக் கூடவே லாக்டோபாசில்லஸ் பிளான்டாரம் 299வி என்ற நுண்ணுயிரைக் கொடுத்தது. 8 வாரத்தை முடித்தவர்கள் 60 பேர். மனச்சோர்வு மதிப்பெண்ணில் இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் நுண்ணுயிர் எடுத்தவர்களின் ரத்தத்தில் கைனுரெனின் குறைந்தது. கவனம், சொல் நினைவு போன்ற சோதனைகளில் அவர்கள் மேலாகச் செய்தார்கள். துயரம் அதே அளவுக்குத் தணிந்தது, புத்தி மட்டும் சற்றே கூடுதலாகத் தெளிந்தது. மனச்சோர்விலிருந்து மீண்டவர்கள் பலர், அழுகை நின்றுவிட்டது, ஆனால் மூளை இன்னும் மூட்டமாகவே இருக்கிறது, படித்தது மனத்தில் நிற்கவில்லை என்று சொல்வதைக் கேட்டவர்களுக்கு இந்த முடிவின் அருமை புரியும்.

இந்த 299வி என்ற நுண்ணுயிருக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான மனிதக் குடலின் உட்சுவரிலிருந்து பிரிக்கப்பட்டது இது. 1990களில் அங்கே ஓட்ஸும் பழச்சாறும் சேர்ந்த பானமாகக் கடைக்கு வந்தது. கோதென்பர்க் ஆய்வாளர்கள் அதை இரும்புச்சத்தோடு சேர்த்துச் சோதித்தார்கள். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கு இரும்பு சேர்த்த பழப் பானத்தைச் சில நாள் பாக்டீரியாவோடும், சில நாள் இல்லாமலும் கொடுத்தார்கள். இரண்டு முறையும் வெவ்வேறு கதிரியக்க இரும்பு அடையாளத்தைச் சேர்த்து, எது எவ்வளவு ரத்தத்தில் ஏறியது என்று தனித்தனியே அளந்தார்கள். 2015இல் வந்த முடிவு: பாக்டீரியா இருந்தபோது உடல் ஏற்ற இரும்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

இந்த நுண்ணுயிரின் உயிரியலிலேயே ஒரு வியப்பு இருக்கிறது. உலகில் பெரும்பாலான உயிர்கள் இரும்புக்காக அடித்துக்கொள்ளும்போது, லாக்டோபாசில்லஸ் பிளான்டாரம் இரும்பை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அந்த இடத்தில் மாங்கனீஸை வைத்துச் சமாளித்துக்கொள்கிறது. நம் குடலில் இரும்புக்காக நம்மோடு போட்டி போடாத விருந்தாளி அது. (வகைப்பாட்டியல்காரர்கள் 2020இல் இதன் பெயரை லாக்டிபிளான்டிபாசில்லஸ் என்று மாற்றிவிட்டார்கள், காப்சூல் அட்டையில் இரண்டு பெயரும் புழங்குகின்றன.)

இரும்புக்கும் மனத்துக்கும் என்ன தொடர்பு? ஹீமோகுளோபினோடு இரும்பின் வேலை முடிந்துவிடுவதில்லை. ட்ரிப்டோஃபானைச் செரட்டோனின் பாதையில் முதல் அடி எடுத்துவைக்கச் செய்யும் நொதிக்கு இரும்பு வேண்டும். டோபமின் உண்டாக்கும் நொதிக்கும் இரும்பு வேண்டும். இரும்பின் கையிருப்பு குறையும்போது ஹீமோகுளோபின் கடைசியில்தான் இறங்கும். அதற்கு முன்பே, ஃபெரிட்டின் என்ற சேமிப்பு வற்றத் தொடங்கும்போதே, அசதியும் மந்தமும் வரக்கூடும். ஹீமோகுளோபின் 12 இருக்கிறது, உங்களுக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பப்படும் பெண்களில் எத்தனை பேருக்குச் சேமிப்பு காலியாகியிருக்கும் என்று ஃபெரிட்டின் பார்த்தால்தான் தெரியும்.

அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு உடலில் தாழ்ந்த அளவில் அழற்சி இருக்கிறது என்று பார்த்தோம். அழற்சியின்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது குடலிலிருந்து இரும்பு ரத்தத்துக்குள் ஏறும் கதவையும், சேமிப்பிலிருந்து வெளியே வரும் கதவையும் பூட்டிவிடுகிறது. கிருமிகளுக்கு இரும்பு கிடைக்கக் கூடாது என்பதற்காக உடல் செய்யும் பழைய தந்திரம் இது. அழற்சி நீடித்தால் கஜானாவில் பணம் இருந்தும் சம்பளம் வராத நிலை. ஃபெரிட்டினும் அழற்சியால் தானே உயரும். அளவு சாதாரணமாகத் தெரியும், ஆனால் உடல் இரும்பில்லாமல் தவிக்கும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம், ஆரோக்கியமாக இருக்கும் பெரியவருக்கு ஃபெரிட்டின் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு என்றும், அழற்சி இருக்கும்போது 70க்குக் கீழேயே அப்படிக் கருத வேண்டும் என்றும் 2020இல் வகுத்தது. ஃபெரிட்டினைச் சிஆர்பியோடு சேர்த்துப் பார்க்காமல் படித்தால் ஏமாந்துபோவோம்.

பியாவிஸ்தோக்கையும் கோதென்பர்க்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே நுண்ணுயிர். ஓர் ஊரில் மனச்சோர்வு நோயாளிகளின் ரத்தத்தில் கைனுரெனினைக் குறைத்தது. இன்னோர் ஊரில் பெண்களின் ரத்தத்தில் இரும்பை ஏற்றியது. முதல் ஊரில் மனநல மருத்துவர்கள் மனத்தைத் தேடினார்கள். இரண்டாவது ஊரில் ஊட்டச்சத்து வல்லுநர்கள் இரும்பைத் தேடினார்கள். மனச்சோர்வும் சோகையும் ஒரே பெண்ணின் உடலில் குடியிருப்பது நம் ஊரில் எவ்வளவு சாதாரணம் என்று தெரிந்தவர்களுக்கு, இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்காமல் இருக்க முடியாது.

அதற்காக எந்தப் ப்ரோபயாட்டிக்கும் இரும்பை ஏற்றும் என்று நினைத்துவிடக் கூடாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் யாத்ரிக் ஷாவின் குழு 2020இல் எலிகளிடம் நேர்மாறானதைக் கண்டது. லாக்டோபாசில்லஸ் ரியூட்டெரி என்ற பாக்டீரியா சுரக்கும் ரியூட்டெரின், குடல் செல்லில் இரும்பை உள்ளிழுக்கும் விசையையே அணைத்துவிடுகிறது. ஒரே குடும்பத்துப் பெயர், எதிரெதிர் வேலை. மாத்திரை என்றால் எல்லா மாத்திரையும் ஒன்றாகிவிடாது என்று நமக்குத் தெரியும். ப்ரோபயாட்டிக் என்ற சொல் வந்ததும் அந்தத் தெளிவு எங்கோ போய்விடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அட்டையில் பேரினம், சிற்றினம், அதற்கும் கீழே குலக்குறியீடு வரை எழுத வேண்டும், காலாவதி நாளில் எத்தனை உயிரோடு இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும் என்கிறது. மருந்துக்கடையில் ஒரு காப்சூல் பெட்டியைப் புரட்டி அந்தக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். 299வி என்பது போன்ற அந்த இரண்டு, மூன்று எழுத்துக்குத்தான் ஆய்வு நடந்தது.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதைக்கும் உள்ள நேரடித் தொடர்பு வேலூரில் இருக்கிறது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் எம்.ஜே. ஆல்பர்ட், வி.ஐ. மாத்தன், எஸ்.ஜே. பேக்கர் மூவரும் 1980இல் நேச்சர் இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். பி12 வைட்டமின் இறைச்சி, மீன், முட்டை, பாலில்தான் இருக்கிறது. அதைச் செய்யும் பாக்டீரியா பெருங்குடலில் ஏராளம். ஆனால் உடல் பி12ஐ உறிஞ்சுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். பெருங்குடலில் உண்டாவது, உறிஞ்சும் துறையைத் தாண்டிய பிறகு கிடைக்கும் சரக்கு. அப்படியானால் மிகக் குறைந்த பி12 உள்ள சாப்பாட்டில் வாழும் தென்னிந்தியர்களில் பலருக்குப் பெரிய குறைபாடு வராமல் இருப்பது எப்படி? ஆரோக்கியமான தென்னிந்தியர்களின் சிறுகுடலிலேயே பாக்டீரியா குடியிருப்பதையும், அவற்றில் கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் வகைகள் கணிசமான பி12 உண்டாக்க வல்லவை என்பதையும் வேலூர்க் குழு காட்டியது. குடல் நுண்ணுயிரியம் என்ற சொல்லை உலகம் நாகரிகமாக உச்சரிக்கத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே, குடல் பாக்டீரியாவையும் ரத்த வைட்டமினையும் நம் மண்ணின் மக்களை வைத்தே இணைத்துக் காட்டிய வேலை இது. நம் மாணவர்களுக்கு இதை யாராவது சொல்லித்தருகிறார்களா என்று தெரியவில்லை, சொல்லித்தர வேண்டும்.

பி12 குறைந்தால் சிவப்பணுக்கள் பெருத்து, எண்ணிக்கை குறைந்து சோகை வரும். மறதி, எரிச்சல், மனச்சோர்வு ஆகியவை சில சமயம் சோகைக்கு முன்பே வந்துவிடும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல் வகை மாத்திரையும் ஆண்டுக்கணக்கில் எடுக்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! இரண்டுமே பி12ஐக் குறைக்கக்கூடியவை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பும் அதிகம். அப்பா முன்போல் இல்லை, யாரோடும் பேசுவதில்லை என்று மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகும் பிள்ளைகள், மாத்திரைப் பட்டியலையும் கையோடு கொண்டுபோனால் நல்லது.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்குச் சோகை. விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தம் என்பதால் அளவு சற்று மிகையாக இருக்கலாம் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தை ஏற்று எவ்வளவு கழித்தாலும் மிச்சம் பெரிய எண்ணாகவே இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சத்து மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கருப்பாகப் போகிறது என்று அலமாரியிலேயே கிடக்கும் அட்டைகள் ஏராளம். குடலில் உறிஞ்சப்படாமல் தங்கும் இரும்பு, அங்குள்ள கெட்ட பாக்டீரியாக்களுக்கு விருந்தாகிறது என்பதைக் கென்யாவில் கைக்குழந்தைகளிடம் செய்த ஆய்வுகள் காட்டின. அதே மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது என்று சூரிச் ஆய்வாளர்கள் 2017இல் கண்டார்கள். காரணம், முதல் நாள் மாத்திரையால் ஏறும் ஹெப்சிடின் இறங்க ஒருநாள் இடைவெளி தேவைப்படுகிறது.

தயிர், இட்லி, பழைய சோறு பற்றி இங்கே கேட்காமல் யாரும் போகமாட்டார்கள். இட்லி மாவைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்கள் ஆவியில் வெந்ததும் இறந்துவிடுகின்றன. ஆனால் அவை செய்த வேலை மிஞ்சுகிறது: இரும்பைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் புளிப்பில் உடைகிறது. பழைய சோற்றிலும் வீட்டுத் தயிரிலும் பாக்டீரியா உயிரோடு உள்ளே போகும். எந்த வகை, எத்தனை என்பது உறையூற்றிய பாத்திரத்துக்குப் பாத்திரம் மாறும். நல்ல உணவு என்று சொல்லலாம். மனச்சோர்வுக்கு மருந்து என்று சொல்ல முடியாது. இரும்பு மாத்திரையைத் தயிர்ச்சோற்றோடும் தேநீரோடும் விழுங்காமல், எலுமிச்சைச் சாற்றோடு எடுப்பது மேல். தயிரின் கால்சியமும் தேநீரின் டானினும் இரும்பை மறிக்கும்.

ஆரோக்கியமானவருக்குப் ப்ரோபயாட்டிக்கால் பெரிய தீங்கு நேர்வது அரிது. ஆனால் எதிர்ப்பு சக்தி மிகவும் குன்றியவர்களின் ரத்தத்தில் அதே பாக்டீரியா கலந்து தொற்றாக மாறிய நிகழ்வுகள் உண்டு. 2008இல் நெதர்லாந்தில் கடும் கணைய அழற்சி நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வில், ப்ரோபயாட்டிக் பெற்றவர்களில் 16 சதவீதமும் பெறாதவர்களில் 6 சதவீதமும் இறந்தார்கள். மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிட்டு அதன் இடத்தில் காப்சூலை வைக்கச் சொல்லும் ஆய்வு ஒன்றுகூட இல்லை.

நான் காண விரும்பும் ஆய்வு இதுதான். ஒரு மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மனச்சோர்வோடு வரும் பெண்களிடம் முதலில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, சிஆர்பி பார்க்க வேண்டும். குறைபாடு உள்ள எல்லாருக்கும் இரும்பு கொடுத்தாக வேண்டும். அதில் பரிசோதனைக்கு இடமில்லை. பாதிப் பேருக்கு மட்டும், யாருக்கு என்று தெரியாமல், இரும்பை ஏற்றுவதாக நிரூபிக்கப்பட்ட நுண்ணுயிரைக் கூடுதலாகக் கொடுக்கலாம். மாதவிடாயில் எவ்வளவு ரத்தம் போகிறது, மூட்டுவலி மாத்திரை எத்தனை என்பதைக் கேட்டு எழுத வேண்டும். மனநிலைக் கேள்வித்தாளில் அசதியையும் துயரத்தையும் தனித்தனி மதிப்பெண்ணாகப் பிரிக்க வேண்டும். இதுவரை நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் 4 வாரம் அல்லது 8 வாரத்தில் முடிந்துவிட்டன. சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். இரும்பு வற்றிய காலத்தில் பிறந்த வெளிறிய அணுக்கள் எல்லாம் செத்து, புதியவை அவற்றின் இடத்துக்கு வர நாலு மாதம் ஆகும். அந்த நாலு மாதமும், மாதம் ஒருமுறை, அந்தப் பெண்ணின் எதிரே உட்கார்ந்து எப்படி இருக்கிறாய் அம்மா என்று கேட்க ஒரு செவிலியர் வேண்டும்.